இருபதாவது படம்

மத்தியானம் இரண்டரை மணி.

பேய்க் கதை என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிதானே என்று கேட்காதீர்கள். இது நடந்தது பட்டப் பகலில்... மே மாதம், ஞாயிற்றுக்கிழமை. தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிற வெயில். விஸ்வநத்தம் தாண்டி ஒரு கிளைச் சாலை பிரியும். இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். பட்டாசுக் கம்பெனிகளுக்கு விடுமுறை என்பதால் ஒரு சைக்கிள்கூட அந்தப் பக்கம் போகாது. சாலை முடிகிற இடத்தில் ஒரே ஒரு வீடு.

கரண்ட் வருகிறவரை சொல்கிறேன். மெழுகுவர்த்தியை நடுவில் வையுங்கள். பிரீத்திகா, சிரிக்காதே. நாளை காலை நம் படங்களைப் பார்க்க இந்த வீட்டுக்கும் சனம் வரப்போகிறது... தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

எனக்கு நடந்ததில்லை இது. எங்கள் அச்சகத்தில், டிசைன் பிரிவில், என் பக்கத்து நாற்காலி ஜெமிமா. அவள் கணவர் பிராங்க்ளின். பிராங்க்ளினுடைய அக்கா கிருபா. நடந்தது அந்தக் கிருபாவுக்கு. ஆனால் ஜெமிமாவும் அன்றைக்கு அந்த வீட்டுக்குப் போயிருந்தாள். கண்ணால் பார்த்தாள். பார்த்துவிட்டு, 'நல்லாருக்கு' என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். அதைத்தான் அவளால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

கிருபா விருதுநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். முப்பத்தெட்டு வயது. பதினாறு வருடமாகத் தீக்காய வார்டு. டியூட்டி முடிந்து வந்து, குளித்துவிட்டுப் படம் வரைய உட்காருவாள். மல்லாங்கிணறு பக்கத்துக் கரிசல் காடு, வற்றிப்போன கண்மாய், ஒற்றைப் பனை, களத்தில் காயும் மிளகாய். மனிதர்களை மட்டும் வரைய மாட்டாள். கேட்டால், "ஆளுகளைத்தான் வார்டுலயே போதும் போதும்னு பாத்துருதேனே" என்பாள்.

அவள் படங்களை வெளியே யாரும் பார்த்ததில்லை. நம் ஊரில் எங்கே மாட்டுவது? கல்யாண மண்டபம் உண்டு, சர்ச் ஹால் உண்டு, படத்துக்கென்று ஓர் இடம் கிடையாது. ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் ஞானதீபம் சார்தான் அந்த யோசனையைச் சொன்னார். அவரவர் வீட்டிலேயே மாட்டுவோம், ஒரு சனி ஞாயிறு வாசலைத் திறந்து வைப்போம், வருகிறவர்கள் வரட்டும் என்று. மூன்று வீடு. முதல் வீடு சிவகாசியில் சார் வீடு. இரண்டாவது, பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வரைகிற ஹரிபிரசாத் வீடு. கிருபாவுக்கு இருப்பதோ ஒற்றை அறை வாடகை வீடு. பத்தொன்பது படத்தை மாட்டினால் அவள் நிற்க இடம் இருக்காது.

அப்போது லட்சுமிகாந்தம் என்கிற பழைய அச்சக முதலாளி தன் வீட்டைக் கொடுத்தார். அவர் சென்னையில் மகனோடு இருக்கிறார். தீபாவளிக்கு ஒரு தடவை வந்து திறந்து பார்த்துவிட்டுப் போவதோடு சரி.

"சும்மா பூட்டித்தான கெடக்கு. நாலு பேரு வந்து போனா வீட்டுக்கும் நல்லதுதான்" என்றாராம் போனில்.

அதுதான் அந்தச் சாலை முடிவில் இருந்த வீடு.

வாட்ச்மேன் பெத்தணன் கூட்டிப் பெருக்கிக் கொடுத்தார். முன்னால் பெரிய ஹால். ஹாலிலிருந்து பின்பக்கம் ஒரு நடை போகும். நடை முடிகிற இடத்தில் ஒரு சின்ன அறை. அதற்குக் கதவு கிடையாது, நிலை மட்டும்தான். ஜன்னலும் கிடையாது. உள்ளே பழைய காலண்டர் அட்டைக் கட்டுகள். கிருபா தன் படங்களைக் கொண்டுவந்த காலி அட்டைப் பெட்டிகளையும் அதற்குள்தான் போட்டாள். சனிக்கிழமை முழுக்க அந்த அறைக்குள் நாலைந்து தடவை போய் வந்திருக்கிறாள். ஒன்றும் இல்லை.

ஹரிபிரசாத் ஒரு வேன் ஏற்பாடு செய்திருந்தார். மணிக்கு ஒரு தடவை இரண்டாவது வீட்டிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும், அரை மணி நேரம் நின்று திருப்பிக் கொண்டுபோகும். கடைசி வேன் ஐந்தரைக்கு. ஆறு மணிக்குப் பெத்தணன் வந்து பூட்டிவிடுவார். படங்களை அடுத்த வாரம் சாவகாசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று பேச்சு.

ஞாயிறு மத்தியானம் இரண்டரை. வெளியே வெயில். சாப்பாட்டு நேரம் என்பதால் அந்த ஒரு நடை வேன் கிடையாது. பெத்தணனும் சாப்பிடப் போய்விட்டார். வீட்டில் கிருபா மட்டும். மஞ்சள் கைத்தறிச் சேலை கட்டியிருந்தாள். வந்தவர்கள் எழுதிவிட்டுப் போக ஒரு நோட்டு வைத்திருந்தாள். இரண்டு நாளாக அதைப் பார்க்க நேரமில்லை. இப்போது எடுத்துப் புரட்டினாள்.

முதல் பக்கம், 'கண்மாய்ப் படம் அருமை.' சந்தோஷமாக இருந்தது.

அடுத்தது, 'எல்லாம் நன்று. உள்ளே இருக்கும் பெண் படம் மிக நன்று.'

அதற்கடுத்து, 'பச்சைச் சேலை கட்டிய பெண்ணின் படம் மனதை விட்டுப் போகாது.'

இன்னொருவர், 'நடை முடிவில் உள்ள பெரிய படம் விற்பனைக்கா?'

பதினொரு பேர். வேறு வேறு கையெழுத்து.

அவளுக்கு முதலில் பயமில்லை. மனசு வலித்ததாம். பத்து வருடம் வரைந்ததில் பொறுக்கி மாட்டிய பத்தொன்பது படங்கள். அதை விட்டுவிட்டு, அவள் வரையாத ஒன்றைப் பாராட்டியிருக்கிறார்கள். ஹரிபிரசாத் விளையாட்டுக்குத் தன் படம் எதையோ உள்ளே மாட்டிவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தாள். கோபம்தான் வந்தது. போனைச் சார்ஜில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, நடையில் நடந்தாள்.

நடையில் வார்னிஷ் வாடை... புதிதாக அடித்த வார்னிஷ். மூக்கில் ஏறியது. அவள் படங்களுக்கு வார்னிஷே அடிப்பதில்லை.

நிலையைத் தாண்டி உள்ளே போனாள். நாலு பக்கமும் வெறும் சுண்ணாம்புச் சுவர். அட்டைப் பெட்டிகள். காலண்டர் கட்டு. சுவரில் ஓர் ஆணிகூட இல்லை.

'என்னத்தைப் பாத்துட்டு எழுதுனாக' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே திரும்பினாள். நிலை அங்கேயேதான் இருந்தது. நிலைக்கு அந்தப் பக்கம் நடை. நடைக்கு அப்பால் ஹால், மேஜை, வாசல் வெளிச்சம் எல்லாம் தெரிந்தது. காலை எடுத்து வைத்தாள்.

முகத்தில் எதுவோ இடித்தது.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கையை நீட்டினாள். நிலை முழுக்க, மேலிருந்து கீழ்வரை, விறைப்பாக இழுத்துக் கட்டிய துணி மாதிரி. அழுத்தினால் ஒரு விரல்கடை உள்வாங்கியது. விட்டால் திரும்பவும் விறைத்துக்கொண்டது. தட்டினால் 'டொப்... டொப்' என்று மந்தமாகச் சத்தம். நகத்தால் கீறினாள். சேலைப் பின்னைக் கழற்றிக் குத்தினாள். பின் வளைந்துபோனது.

பெத்தணனைக் கூப்பிட்டாள். குரல் வெளியே போகவில்லை. தன் முகத்துக்கு முன்னாலேயே நின்று தனக்கே திரும்பி வந்தது. ஆனால் வெளியே இருக்கும் சத்தமெல்லாம் கேட்டது. ஹாலில் மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் 'க்ளிக்' என்றது. கருவேலத்தில் ஒரு காகம் கத்தியது.

மூன்றரைக்கு வேன் வந்தது.

ஹாலில் செருப்புச் சத்தம். பேச்சு. கிருபா துணியை இரண்டு கையாலும் அடித்தாள். கல்லூரிப் பெண்கள் நாலு பேர், ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு நடைக்குள் வந்தார்கள். அவளுக்கு நேர் எதிரே, கை எட்டுகிற தூரத்தில் நின்றார்கள். அவள் கத்திக்கொண்டிருக்கிறாள்... அவர்கள் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தார்கள். ஒருத்தி ஓர் அடி பின்னால் போய்ப் பார்த்தாள்.

"எம்புட்டுப் பெருசு பாரு. நெசமாவே நிக்கிற மாதிரி இருக்குல்ல?"

"ஆமா. கண்ணு அப்படியே நம்மளையே பாக்குது."

மூன்றாவது பெண், கண்ணாடி போட்டவள், கொஞ்சம் குனிந்தாள். "முன்னாடி நிக்கிறவுகளை இம்புட்டு அழகா வரைஞ்சுட்டு, பின்னாடி பச்சைச் சேலையில உக்காந்திருக்கிறவளுக்கு ஏன் மூஞ்சியே வரையல?"

கிருபாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

மெல்லத் திரும்பினாள். அட்டைப் பெட்டிகள். காலண்டர் கட்டு. யாரும் இல்லை.

அந்தப் பெண்கள் போய்விட்டார்கள். வேன் ஹாரன் அடித்தது. வண்டிச் சத்தம் தேய்ந்து தேய்ந்து அடங்கியது.

பதினாறு வருடம் அந்த வார்டில் வேலை பார்த்தவள். எளிதில் பதறுகிறவள் இல்லை. கிருபா யோசித்தாள். பின்னால் ஒருத்தி இருக்கிறாள் என்றால், பின்னால் இடமே இல்லாமல் செய்துவிட வேண்டும். மூலைக்குப் போனாள். முதுகையும் தோளையும் சுவரோடு ஒட்டவைத்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சுவர் முதுகில் சில்லென்று இருந்தது. மே மாதத்தில். பைபிளின் இருபத்து மூன்றாம் சங்கீதத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் வரி மறந்துபோனது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

நாலரைக்கு அடுத்த வேன். இந்த முறை ஒரு பள்ளிக்கூட டீச்சரும் அவர் கணவரும். அந்த அம்மாள் நிலைக்கு எதிரே வெகுநேரம் நின்றார்.

"பாவமா இருக்குங்க. இந்த ரெண்டு பேரும் மூலையில ஒட்டி உக்காந்திருக்கிறதைப் பாருங்க."

"யாரு, எங்க?"

"அந்த மஞ்சச் சேலை முன்னாடி. அவளைப் பின்னால இருந்து கட்டிப் பிடிச்சிக்கிட்டு பச்சைச் சேலைக்காரி. கையை மட்டும் பாருங்க."

கிருபா குனிந்து தன் இடுப்பைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. யார் கையும் இல்லை. சேலை மடிப்பு மட்டும்... ஆனால் வார்னிஷ் வாடை அவளுடைய வலது காதுக்குப் பின்னாலிருந்து வந்தது. விட்டு விட்டு வந்தது. மூச்சு விடுகிற மாதிரி.

எழுந்து நிலைக்கு ஓடினாள். அதற்கப்புறம் அவள் அந்தத் துணியை விட்டு நகரவேயில்லை.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் பைக் சத்தம் கேட்டது. அந்த வண்டிச் சத்தம் அவளுக்குத் தெரியும். பிராங்க்ளின் வண்டி. கூட ஜெமிமா.

இனி ஜெமிமா என்னிடம் சொன்னதைச் சொல்கிறேன். இருவரும் ஹாலில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் இல்லை. பிராங்க்ளின் அக்காவுக்குப் போன் போட்டான். போன் மேஜைமேலேயே அடித்தது. "கடைக்குப் போயிருப்பா, வந்துருவா" என்றான். படங்களைப் பார்த்தார்கள். நடைக்குள் வந்தார்கள்.

ஜெமிமா சொல்கிறாள், அங்கே ஓர் அறை இருந்ததே அவளுக்குத் தெரியாதாம். நடை முடிவில் சுவர். சுவரில் கதவளவு ஒரு படம், மரச் சட்டத்தோடு. மங்கலான ஓர் அறை, அதில் நிற்கிற ஒரு பெண். உள்ளங்கை இரண்டையும் முன்னால் ஊன்றி, வாயைத் திறந்து. பின்னால் இருட்டில் இன்னொருத்தி.

"ஏ, அக்கா ஜாடையா இருக்கு, பாத்தியா?" என்றான் பிராங்க்ளின்.

"மதினி தன்னையேதான் வரைஞ்சிருப்பாக. ஆளு வரைய மாட்டேன் வரைய மாட்டேன்னு சொல்லிட்டு, எப்படி வரைஞ்சிருக்காக பாருங்க."

துணிக்கு இந்தப் பக்கம் கிருபா என்ன செய்துகொண்டிருந்தாள் தெரியுமா? தம்பி பேரைச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். சின்ன வயதில் அவனைக் கூப்பிடுகிற பேர்... 'பாப்பு, பாப்பு' என்று. தலையால் முட்டினாள். பிராங்க்ளின் அவள் முகத்துக்கு அவ்வளவு கிட்டே வந்து நின்றான். பெயிண்ட் எப்படி அடித்திருக்கிறாள் என்று பார்ப்பதுபோல் கண்ணைச் சுருக்கினான். அவன் சட்டையில் இருந்த பெட்ரோல் வாடை வரைக்கும் அவளுக்கு அடித்தது.

"கண்ணுல தண்ணி நிக்கிற மாதிரி எப்படித்தான் கொண்டு வந்தாளோ" என்றான்.

"நல்லாருக்கு" என்றாள் ஜெமிமா.

நடையைத் தாண்டும்போது ஜெமிமா ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கிறாள். அந்தப் பெண்ணின் கைகள் முன்பு நெஞ்சுயரத்தில் இருந்தன. இப்போது தலைக்கு மேலே இருந்தன. நாம்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

பத்து நிமிடம் ஹாலில் காத்திருந்தார்கள். அப்புறம் பைக் கிளம்பியது.

கிருபாவுக்கு அப்போதுதான் புரிந்தது. ஆறு மணிக்குப் பெத்தணன் பூட்டுவார். எட்டு மணிக்கு அவள் டியூட்டிக்குப் போகாவிட்டால் போன் போடுவார்கள், தேடுவார்கள். போலீஸ்கூட இங்கே வரும். இதே நடையில் வந்து, இதே இடத்தில் நின்று பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போவார்கள்.

அடித்து அடித்துக் கை வீங்கிவிட்டது. சத்தமே வராமல் விசும்பினாள்.

ஐந்தரை. கடைசி வேன்.

இரண்டே பேர் இறங்கினார்கள். காலடிச் சத்தம் மெதுவாக இருந்தது. கூடவே ஒரு குச்சி தரையில் தட்டுகிற சத்தம். சோணைமுத்து என்று பேர். முப்பது வருடம் லேபிளுக்கும் காலண்டருக்கும் படம் போட்டவர். சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போய்விட்டது. கூட வந்தது அவர் மனைவி அழகுமீனா. கணவர் எந்தக் கண்காட்சியையும் விடமாட்டார். படத்தின் முன்னால் போய் நின்றுகொள்வார், அந்த அம்மாள் பார்த்துச் சொல்லவேண்டும்.

ஹாலில் அந்த அம்மாள் சொல்லச் சொல்ல, உள்ளே கிருபாவுக்குக் கேட்டது.

"ஒத்தப் பனை நிக்கிதுங்க. தலை காஞ்சிருக்கு. நெழலுக்கு மட்டும் பச்சை போட்டுருக்காக."

"காஞ்ச பனைக்குப் பச்சை நெழலா?"

"ஆமா."

"நல்ல கை, அழகு. யாருன்னு பேரு பாரு."

அந்தப் பயத்திலும் கிருபா அதைக் கேட்டு நின்றாள். அவள் படத்தை ஒருவர் முழுசாகப் பார்த்துச் சொல்லி அன்றைக்குத்தான் கேட்கிறாள். பார்த்தவருக்குக் கண் இல்லை.

பத்தொன்பது படமும் முடிந்தது. வெளியே வேன்காரர் ஒரு ஹாரன் அடித்தார். வாசலில் சாவிக் கொத்துச் சத்தம்... பெத்தணன் வந்துவிட்டார்.

"உள்ள இன்னொண்ணு இருக்குங்க. பெருசா இருக்கு. பாத்துட்டே போயிருவோம்."

இருவரும் வந்து நின்றார்கள்.

"சொல்லு அழகு."

"ரெண்டு பொம்பளைகங்க. முன்னாடி ஒருத்தவுக, மஞ்சச் சேலை. மூஞ்சியெல்லாம் வீங்கியிருக்கு. பின்னாடி பச்சைச் சேலை..." குரல் தணிந்துபோனது. "அவ தன் தாடையை மஞ்சச் சேலைக்காரவுக தோளு மேல வச்சிருக்கா. இப்பத்தான் அவ மூஞ்சி தெரியுது. வாங்க, போவோம்."

"பொறு."

"வேண்டாங்க. எனக்கு இது பிடிக்கல."

"பேசாம இரு, அழகு. யாரு அழுதா?"

"படங்க அது."

"படம் அழுவுமா?"

சோணைமுத்து குச்சியை மனைவி கையில் கொடுத்தார். இரண்டு கையையும் முன்னால் நீட்டினார். சுவரைத் தடவிப் பார்க்கிறவர் மாதிரி விரல்களை விரித்துக்கொண்டு... அந்த விரல்கள் துணியில் இடிக்கவில்லை. தண்ணீருக்குள் போவதுபோல் உள்ளே வந்தன. காய்ப்புக் காய்த்த, சூடான விரல்கள். கிருபா அவருடைய வலது கையைப் பிடித்தாள்.

"யாராயிருந்தாலும் பிடிய விட்ராதீக தாயீ" என்றார் அவர். இழுத்தார்.

காய்ந்த காயத்தில் ஒட்டிப்போன கட்டுத்துணியை உரித்து எடுப்பது எப்படி இருக்கும் என்று நோயாளிகள் அவளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது என்றாள். முகம், கழுத்து, நெஞ்சு என்று கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. நடைத் தரையில் போய் விழுந்தாள்.

அழகுமீனா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெத்தணன் ஓடி வந்தார். அவர் வந்து பார்த்தபோது அங்கே படமும் இல்லை, சட்டமும் இல்லை. கதவில்லாத நிலை. உள்ளே அட்டைப் பெட்டிகள். டார்ச் அடித்துக்கொண்டு உள்ளே போனார். பெட்டிகளைக் காலால் தள்ளிப் பார்த்தார். வெளியே வந்தார். எந்தத் தடங்கலும் இல்லை.

"ஒண்ணுமில்லயேம்மா" என்றார்.

சோணைமுத்து மட்டும் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். வலது கையைத் தொங்கவிட்டிருந்தார். இடது கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. விரல்கள் எதையோ சுற்றி மடங்கியிருந்தன.

"ரெண்டு பேருமே வந்துட்டீகள்ல?" என்று கேட்டார். "இந்தக் கையை விடச் சொல்லுங்க. எம்புட்டுக் குளுந்திருக்கு."

பெத்தணன் டார்ச்சை அந்தக் கைமேல் அடித்தார்; விரல்களுக்குள் ஒன்றும் இல்லை.

கிருபா அன்றிரவு டியூட்டிக்குப் போனாள். வெளிச்சமும் ஆளும் இருக்கிற இடம் அவளுக்கு அதுதான். மூன்று நாள் தலைக்குக் குளித்தும் வார்னிஷ் வாடை போகவில்லை. படங்களைப் பெத்தணனே வேனில் ஏற்றி அனுப்பினார். இப்போதும் வரைகிறாள், ஆனால் யாருக்கும் காட்டுவதில்லை. அவள் எதிரில் யாராவது எதைப் பார்த்தாவது 'நல்லாருக்கு' என்று சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவாள். சமைத்த குழம்பைக்கூடத் தம்பி வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பிராங்க்ளின் இரண்டு மாதம் அக்காவின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. அப்புறம் ஒருநாள் வந்து, அவள் காலடியில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனான்.

ஞானதீபம் சார் லட்சுமிகாந்தத்துக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார்.

"சேல பச்சையா?" என்று மட்டும் லட்சுமிகாந்தம் கேட்டார்.

ஆமாம் என்றதும் வைத்துவிட்டார். மறுபடி எடுக்கவேயில்லை.

போன ஆவணியில், ஒரு சனிக்கிழமை, ஜெமிமா சிவகாசிக் கடைவீதியில் சோணைமுத்துவைப் பார்த்திருக்கிறாள். தீபாவளிச் சீசன், ஏகப்பட்ட கூட்டம், லோடு வண்டிகள். அவர் கையில் குச்சி இல்லை. இடது கையைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, விரல்களை மடக்கிக்கொண்டு, விறுவிறுவென்று நடந்து போனார். ஆட்டோ வந்தால் விலகினார். சாக்கடை வந்தால் தாண்டினார். நடுநடுவே தலையை ஆட்டிக்கொண்டார். யாரோ எதையோ பார்த்துச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொள்வதுபோல்.

பத்தடி பின்னால் அழகுமீனா வந்துகொண்டிருந்தார். ஜெமிமா ஓடிப்போய்க் கேட்டாள்.

"ஐயாவைத் தனியா விட்டுட்டு, நீங்க ஏன் இம்புட்டுப் பின்னாடி வாரீக?"

அந்த அம்மாள் நிற்கவில்லை. முன்னால் போகிறவரின் இடது பக்கத்தையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

"பக்கத்துல எடம் இல்ல தாயீ" என்றார்.